ரிமோட்டில் இருபத்துநான்கு

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கியாயிற்று. போன வருஷத்துக் குருத்தோலையைச் சென்ற ஞாயிறே கோயிலில் ஒப்படைத்தேன். அதையெல்லாம் எரித்த சாம்பல்தான் இது. இந்தத் தவக்காலத்துக்கு எனக்கு இரண்டு ஒறுத்தல்: காப்பி கிடையாது. யாரைப் பற்றியும் புறணி கிடையாது. காப்பிதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மதினி அறை ஏசியில் மூன்று நாளாக டக் டக் டக் என்று ஒரு சத்தம். வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார். கேட்டால், "ஆளைக் கூப்பிடு ஜெசிந்தா" என்பார், அவ்வளவுதான். எமரென்சியா மதினி அவருக்கு அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நரம்பு வியாதி வந்து ஆறு வருஷமாக எங்களோடு இருக்கிறார். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றே ஒன்று: சூடு ஆகாது. உடம்பு சூடேறினால் கால் சொன்னபடி கேட்காது, கண் மங்கும், பேச்சு குழறும். அதனால் அந்த அறைச் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி மூன்று வேளையும் குறித்துக்கொண்டு வருகிறேன்.

ரிமோட்டில் 24. சுவரில் 24, 25, 24.

பிப்ரவரி 21, சனி

நானே பார்த்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனாலும் இந்த வீட்டு மிக்ஸியும் அயர்ன்பாக்ஸும் என் கையால் பிழைத்தவை. செல்போனில் வீடியோ போட்டு ஃபில்டர் இரண்டையும் கழற்றிக் கழுவி நிழலில் காயவைத்து மாட்டினேன். சத்தம் போகவில்லை.

மதினி: "ஏட்டி, ஒரு நிமிஷத்துக்கு நூத்திப் பன்னிரண்டு டக். எண்ணிட்டேன். ஜெபமாலை சொல்லும்போது கணக்கு தப்புது."

சுவரில் 24, 25, 25.

பிப்ரவரி 24, செவ்வாய்

பொன்னுலிங்கம் அண்ணாச்சி கடையிலிருந்து ஆள் வந்தார். பெயர் இசக்கிராஜ். நாற்பது வயசிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "டீச்சர், கொஞ்சம் தூசி பறக்கும், மூஞ்சியில துணி போட்டுக்கிடுங்க" என்று மதினியிடம் சொன்ன பிறகுதான் ஏணியை வைத்தார். உள்ளே உருளையாக நீளமாக இருக்கிற ஃபேனை டார்ச் அடித்துப் பார்த்தார். இடுக்கியை விட்டு எதையோ இழுத்தார். ஒரு விரல் நீளத்துக்குக் காய்ந்த ஓலை.

ஏசிக்கு மேலேதான் சிலுவை மாட்டியிருக்கிறது. அதன் பின்னால்தான் வருஷம் முழுவதும் குருத்தோலையைச் செருகி வைத்திருந்தேன். எடுக்கும்போது நுனி ஒடிந்து உள்ளே விழுந்திருக்கிறது.

"அக்கா, இது உங்க கோயில் ஓலைல்லா? குப்பையில போடக் கூடாதும்பாங்க." ஒரு பேப்பர்த் துண்டில் பொதிந்து என் கையில் கொடுத்தார்.

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓலையை முழுசா ஒப்படைச்சேன்னு சொன்னியே. மாதா சபைச் செயலாளரே இப்படிச் செஞ்சா ஊரு என்னத்துக்காகும்?"

அவரும் சிரித்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அவர் பை திறந்து கிடந்தது. நுனியில் செம்புக் குமிழ் வைத்த கறுப்பு வயர் ஒன்று உள்ளே இருந்தது. என்ன என்று கேட்டேன். "சென்சார்க்கா. ரூம்பு எவ்வளவு சூடுன்னு ஏசிக்குச் சொல்லுறது இதுதான். ஸ்பேர் ஒண்ணு எப்பவும் கையில வச்சிருப்பேன்."

சத்தம் நின்றுவிட்டது. சுவரில் 24, 24, 24.

பிப்ரவரி 25, புதன்

ஏசி மூடியெல்லாம் அந்த ஆளின் விரல் அழுக்கு. ஸ்டூலில் ஏறித் துடைத்தேன். ஃபில்டருக்குப் பின்னால் ஒரு வயர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இவர்கள் வேலை எப்போதும் அரைகுறைதான். உள்ளே ஒதுக்கி ஒழுங்காக வைத்தேன். சபைக் கூட்ட நோட்டை எழுதி முடித்தேன்.

சுவரில் 24, 26, 27. வெயில் கூடுதல்.

பிப்ரவரி 27, வெள்ளி

ரிமோட்டில் 24. சுவரில் 28, 31, 30.

ஃபேன் ஓடுகிறது. ஆனால் மாடியில் இருக்கிற வெளி மெஷின் ஓட ஆரம்பித்த நாலாம் நிமிஷம் நின்றுபோகிறது. பிறகு வெறும் காற்றுதான். ரிமோட்டில் 18 வைத்தும் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஓடி மறுபடி நின்றது. வந்து போன மூன்றாம் நாள் இப்படி! பையில் கிடந்த அந்தச் சாமான் ஞாபகத்துக்கு வருகிறது.

சிலுவைப் பாதைக்குப் போகவில்லை. மதினிக்கு நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

மதினி விழுந்துவிட்டார். நான் பூசையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சத்தம் கேட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறப் பார்த்திருக்கிறார். கால் கேட்கவில்லை. உதடு கிழிந்து இரத்தம். எலும்பு முறியவில்லை, மாதாவே உமக்குத் தோத்திரம். பேச்சு குழறலாக வந்தது: "ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல ஜெசிந்தா." அதையே ஒன்பது தடவை சொன்னார்.

சுவரில் 32.

மார்ச் 2, திங்கள்

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "உங்க ஆளு எங்க ஏசி சென்சாரைக் கழட்டிட்டுப் பழசை மாட்டிட்டுப் போயிட்டாரு. அவர் பையில நானே கண்ணால பார்த்தேன். வீட்டுல நோயாளி விழுந்து கிடக்காங்க" என்றேன்.

"இசக்கியா? அப்படிச் செய்ய மாட்டானே தங்கச்சி."

"நான் பொய் சொல்லுதேனா அண்ணாச்சி?"

"சேச்சே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் பாத்துக்கிடுதேன். சீசன் பாருங்க, வேற ஆளு வர ஒரு வாரம் ஆகும்."

மதியம் அந்த ஆளே கூப்பிட்டார். "அக்கா, சென்சார் எடம் மாறி கூலிங் காயில்ல ஒட்டியிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை, நான் வந்து..." கட் செய்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து மாதா சபைக் கூட்டம். வந்தவர்கள் பன்னிரண்டு பேர். மதினி எப்படி இருக்கிறார் என்று எல்லாரும் கேட்டார்கள். ஏன் விழுந்தார் என்று கேட்டார்கள். சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்வது புறணி ஆகாது.

லூர்துமேரி, "நல்லவேளை சொன்னே, எங்க வீட்டுக்கும் அவன்தான் வாரான்" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

வேறு ஆள் வந்த பாடில்லை. வீடியோ பார்த்து முன்மூடியை நானே கழற்றினேன். கோளாறு தெரிந்தது. சரி செய்தாயிற்று.

ரிமோட்டில் 24. மாலை நாலு மணிக்குச் சுவரில் 24.

எப்படி என்று எழுத நேரமில்லை. உலையில் அரிசி.

மார்ச் 10, செவ்வாய்

24, 24, 24.

மார்ச் 12, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

முன்மூடிக்குள் இருந்தது என் கொண்டை ஊசி. 25-ஆம் தேதி அந்த வயரை ஒதுக்கியபோது, மறுபடி துருத்தாமல் இருக்கத் தலையிலிருந்து ஊசியை எடுத்து அழுத்திச் செருகியிருக்கிறேன். அந்த வயரின் நுனியில்தான் செம்புக் குமிழ். அது காற்றில் தனியாக நிற்க வேண்டிய சாமான். அதைக் காயில் என்கிற குளிர்ந்த தகட்டோடு சேர்த்து ஊசி போட்டால், அறையே குளிர்ந்துவிட்டது என்று ஏசி நம்பி நின்றுவிடும். பன்னிரண்டு நாள் நம்பியது. ஊசியை உருவிக் குமிழை அதன் கிளிப்பில் வைத்தேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

இன்னொன்று. போகும்போது இசக்கிராஜ், "அக்கா, ஃபில்டரை மட்டும் கழுவுங்க. உள்ள இருக்கிற வயர்ல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். 24-ஆம் தேதிக் குறிப்பில் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

குளிப்பாட்டும்போது மதினிக்குத் தலை துவட்டிக்கொண்டே கேட்டேன்.

"நான் வயரை உள்ள செருகினேனே, பாத்தீங்களா?"

"பாக்காம? படுத்தே கெடக்கிறவளுக்கு அந்தச் சுவருதானே டிவி."

"தொடாதீங்கன்னு அவர் சொன்னதும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பெறகு ஏன் மதினி சொல்லல? நான் கடைக்குப் போன் பண்ணும்போதாவது..."

முகத்தைப் பார்க்கலாம் என்று துண்டை எடுத்தேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அன்னைக்கு இருந்த கோவத்துல... என்னைக் குளிப்பாட்டுறவ நீ. உன்னைத் தப்புன்னு சொல்லிப்போட்டு உன் கையாலயே குளிக்கணும்லா."

பிறகு, "தண்ணி ஆறிருச்சு பாரு" என்றார்.

ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் மதினியைக் கடிந்து பேசியதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. 24, 24, 24.

மார்ச் 20, வெள்ளி

பாவசங்கீர்த்தனம். எங்கள் பங்குச் சாமியாருக்கு என் குரல் தெரியும். ஆகவே பஸ் ஏறிக் கடற்கரையோரம் நாலு ஊர் தள்ளி ஒரு கோயிலுக்குப் போனேன். மதினியிடம் மருந்து வாங்கப் போவதாகச் சொன்னேன். அதையும் பாவக் கணக்கில் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"ஒருத்தரைப் பத்திக் கொஞ்சம் தப்பாப் பேசிட்டேன் சாமி."

"கொஞ்சம்னா?"

"திருடன்னு."

"திருடினாரா?"

"இல்ல சாமி."

"எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"எண்ணல சாமி."

"பஸ்ல போகும்போது எண்ணிப் பாருங்க. மன்னிக்கிறது ஆண்டவர் வேலை. அந்த மனுஷனோட பேரைத் திருப்பிக் குடுக்கிறது உங்க வேலை. யார் யார்கிட்ட சொன்னீங்களோ அவங்க அத்தனை பேர்கிட்டயும் போங்க. உங்களுக்கு அதுதான் பரிகாரம்."

அம்பத்து மூணு மணி ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்து, வரும்போதே பாதி சொல்லி வைத்திருந்தேன்.

பஸ்ஸில் எண்ணினேன். பதினைந்து பேர். சபையில் பன்னிரண்டு, அண்ணாச்சி, போனில் வீட்டுக்காரர், பால்காரம்மா. எண்ணவில்லை என்று சொன்னது பொய். கூட்டம் முடிந்த அன்றே தெரியும்.

மார்ச் 23, திங்கள்

முதலில் அண்ணாச்சிக்குப் போன். சொல்லிவிடத்தான் எடுத்தேன். வாய் வேறு மாதிரி சொல்லிற்று.

"அண்ணாச்சி, ஏசி நல்லா ஓடுது இப்ப. கோளாறு ஒண்ணுமில்ல. அந்த இசக்கிராஜை ஒண்ணும் சொல்லாதீங்க."

"எப்படிச் சரியாச்சு? நான் ஆள் அனுப்பலையே."

"தானா... சரியாயிருச்சு."

"தானா எப்படிம்மா சரியாகும்? ஓ." அண்ணாச்சி சிரித்தார். "புரிஞ்சு போச்சு. பய பயந்துபோய் நீங்க இல்லாத நேரமா வந்து சாமானைத் திருப்பி மாட்டிட்டுப் போயிருக்கான். எடுக்கலை எடுக்கலைன்னு எங்கிட்ட சாமி மேல சத்தியம் பண்ணினான், திருட்டு ராஸ்கல். நல்லதாப் போச்சு, நீங்க சொன்னீங்க. வேலையை விட்டு நிறுத்தினது சரிதானான்னு இந்த இருபது நாளா எனக்கே உறுத்திக்கிட்டு இருந்துச்சு."

"அண்ணாச்சி..."

"நீங்க நல்ல மனசு, மன்னிச்சுட்டீங்க. வச்சிரட்டுமா? கடையில ஆளு நிக்கி."

வைத்துவிட்டார். நான் மறுபடி கூப்பிடவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மார்ச் 2-இலிருந்து.

மார்ச் 25, புதன்

மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணாச்சி சொன்னது உட்பட. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிய டீச்சர் பார்வை ஒன்று இருக்கிறதே, அதை இன்றைக்குத்தான் என் மேல் பார்த்தேன்.

"போன்ல சொல்லாத. நேரா போ. போன்ல உனக்குப் பொய் சுலபமா வருது."

மார்ச் 28, சனி

போனேன்.

கடையில் அண்ணாச்சியும் மெக்கானிக்குகள் நாலு பேரும் இருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. நான் செருகிய கொண்டை ஊசி, அவர் தொடாதே என்று சொன்னது, போனை நான் கட் செய்தது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஒரு மெக்கானிக், "கொண்டை ஊசியில ஒரு ஆளு பொழப்பு போச்சே" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி மேஜைமேல் கிடந்த ரிமோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை தங்கச்சி நீங்க போன்ல பேசினீங்கல்லா? அதுக்குப் பெறகு நான் இன்னும் நாலு கடைக்குச் சொல்லிட்டேன். இவனைச் சேக்காதீங்கன்னு. இப்ப நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்களுக்குப் போன் பண்ண?"

"என்கிட்டக் குடுங்க. நான் சொல்லுதேன்."

நாலு கடைக்கும் பேசினேன். ஒருவர், "சரிம்மா, அது உங்களுக்குள்ள" என்று வைத்துவிட்டார்.

இசக்கிராஜ் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறார் என்றார்கள். போனேன். ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கொக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு ஈரக் கையை லுங்கியில் துடைத்தார்.

சொன்னேன்.

"காயில்ல ஒட்டியிருக்கும்னு அன்னைக்கே சொன்னேன்லக்கா."

"ஆமா."

"டீச்சர் நல்லா இருக்காங்களா?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவர் தரையில் உருகி ஓடுகிற தண்ணீரைக் காலால் ஒதுக்கினார்.

"என் பெரிய மக எட்டாவது படிக்கா. கூடப் படிக்கிற பிள்ளை, 'உங்க அப்பா ஏசியில இருந்து சாமான் எடுப்பாராமே'ன்னு கேட்டிருக்கு. ரெண்டு நாளு சாப்பிடல. அவகிட்ட வந்து சொல்லுதீங்களா அக்கா?"

என் பதினைந்தில் அவள் இல்லை.

கூடவே போனேன். வேலம்மாள் என்று பெயர். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உன் அப்பா எதையும் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். நான் பேசும்போது அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பிள்ளைகிட்டயும் நீங்களே சொல்லுவீங்களா ஆன்ட்டி?"

அந்தப் பிள்ளை லூர்துமேரியின் பேத்தி.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பவனி முடிந்து சபைக் கூட்டம். பதினோரு பேர். அறிக்கை வாசிக்க எழுந்தேன். வாசிக்காமல் இதைச் சொன்னேன்.

எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன ஒரு தாழ்ச்சி!" "தவக்காலம்னா இப்படி இருக்கணும்." ஒருத்தி அழுதேவிட்டாள். நான் ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி நடுவில் நின்றேன்.

லூர்துமேரி, "சரி விடு ஜெசிந்தா. இங்க எடுக்கலேன்னா வேற எங்கயாவது எடுத்திருப்பான். இவனுவளை நமக்குத் தெரியாதா?" என்றாள்.

"எடுக்கல" என்றேன்.

"அதான் சொல்லுதேன், உங்க வீட்டுல எடுக்கல, ஆனா..."

"எங்கயும் எடுக்கல லூர்து! அவரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நான் சொன்னது மட்டும்தான் தெரியும். நான் சொன்னது பொய்!"

சபையில் நான் சத்தம் போட்டது இதுதான் முதல் தடவை. கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். பிறகு அவள் பேத்தியைத் தேடிப் போய்ச் சொன்னேன். இன்றைக்கு வராதவள் ஞானசௌந்தரி. அவள் வீட்டுக்கு மாலையில் போனேன். பால்காரம்மாவிடம் காலையிலேயே சொல்லியாயிற்று. வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் எழுதினேன். "சரி, விடு" என்று வந்தது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

உபவாசம். இசக்கிராஜுக்கு இன்னும் வேலை திரும்பவில்லையாம். அண்ணாச்சி "பாப்போம்" என்கிறாராம்.

ஏப்ரல் 8, புதன்

காலையிலிருந்து வெளி மெஷினில் உம்ம்ம் என்று ஒரு முனகல். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஃபேன் சுற்றவில்லை, துடிக்க மட்டும் செய்கிறது. சுவரில் 27. எனக்கு என்னவென்று தெரியும், கெப்பாசிட்டர். வீடியோவில் பார்த்திருக்கிறேன். தொடவில்லை.

கீழே வந்தால் மதினி போனை வைத்துக்கொண்டிருந்தார். "இசக்கிராஜுக்குச் சொல்லிட்டேன். அண்ணாச்சி கடைக்கு இல்ல, அவருக்கு. ஐஸ் கம்பெனியில மத்தியானம் லீவு போட்டுட்டு வாரேன்னாரு."

இரண்டு மணிக்கு வந்தார். செருப்பை விட்டார். உள்ளே வருவார் என்று வழிவிட்டு நின்றேன். அவர் வாசலிலேயே குத்தவைத்து, ஒரு துண்டை விரித்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, டெஸ்டர், கெப்பாசிட்டர், டேப், அந்தச் செம்புக் குமிழ் வயர். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார்.

"பாத்துக்கிடுங்கக்கா."

"ஐயோ, வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம். உள்ள வாங்க."

"உங்களுக்காக இல்ல. இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். போகும்போதும் காட்டிருவேன்."

எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார். அரை மணி நேரத்தில் ஃபேன் சுற்றியது. மதினி அறைக்குள் எட்டிப் பார்த்து, "டீச்சர், இனிமே ஜில்லுன்னு இருக்கும்" என்றார். மதினி, "உள்ள வந்து உக்காருப்பா, ஒரு வாய் காப்பி குடி" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

வாசலில் மறுபடி துண்டை விரித்தார். பையைக் கவிழ்த்தார். எங்கள் பழைய கெப்பாசிட்டரை மட்டும் தனியாக எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணக் கூடாது, எண்ணக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

வரும்போது பதினேழு. போகும்போது பழையதையும் சேர்த்துப் பதினேழு.

எண்ணிவிட்டேன்.